ஹாக்வார்ட்ஸில் யார் நல்ல வாத்தியார்? ஒரு வாரப் பயணக் குறிப்பு

சனி, ஹாரோ

இந்த வாரம் முழுக்க, ராத்திரி தங்கும் இடத்துக்கு வந்ததும் அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன். துணைக்கு அக்கா மகள். பதினாலு வயசு, ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். அந்தக் கதையில் வில்லன் யார் என்பதைவிட, யார் பாடத்தைத் தயார் செய்துகொண்டு வகுப்புக்கு வருகிறார், யார் சும்மா வந்து நிற்கிறார் என்பதில்தான் என் கண் போகும். படங்களில் ஹாக்வார்ட்ஸாக, அதாவது ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளியாக, வந்த நிஜ இடங்களை, முக்கியமாக வகுப்பறைகளை, முடிந்தவரை பார்ப்பது, அங்கங்கே பாடம் எடுத்தவர்களுக்கு மதிப்பெண் போடுவது, இதுதான் திட்டம். சண்டை வரும் என்று தெரிந்தேதான் கிளம்பினோம்.

கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் சுவருக்குள் பாதி போன தள்ளுவண்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்ள அவ்வளவு நீளமான வரிசை. கதையில் 9, 10ஆம் பிளாட்பாரங்களுக்கு நடுவில் இருக்கும் சுவருக்குள் புகுந்துதான் பிள்ளைகள் பள்ளி ரயிலுக்குப் போவார்கள். இத்தனைக்கும் படப்பிடிப்பு நடந்தது 9, 10ஆம் பிளாட்பாரத்தில் இல்லை, 4க்கும் 5க்கும் நடுவில். வரிசையைப் பார்த்ததும் மெட்ரோபாலிடன் லைனில் ஏறி ஹாரோ போய்விட்டோம்.

ஹாரோ பள்ளி 1572இல் முதலாம் எலிசபெத் ராணி கொடுத்த சாசனத்தில் தொடங்கியது. சர்ச்சில் படித்த இடம், 1905இல் நேரு வந்து சேர்ந்த இடம். அங்கே 1615இல் கட்டிய ஓர் அறை இருக்கிறது, நாலாம் படிவ அறை என்று பெயர். சுவர்ப் பலகை முழுக்கப் பையன்கள் செதுக்கிவிட்டுப் போன பெயர்கள், கவிஞர் பைரனுடையதும் அதில் ஒன்று. முதல் படத்தில் ஃப்ளிட்விக் இறகைப் பறக்கவிடச் சொல்லிக்கொடுத்தது இந்த அறையில்தான்.

ஃப்ளிட்விக்கைச் சிரிப்புக்கான ஆள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், புத்தகக் குவியல் மேல் ஏறி நின்று பாடம் நடத்தும் குள்ள வாத்தியார். எனக்கு அவருடைய அந்த ஒரு வகுப்பைப் படித்தபோதே மரியாதை வந்துவிட்டது. இறகைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே மணிக்கட்டை எப்படி அசைப்பது என்று தனியாகப் பழக்கியிருக்கிறார். உச்சரிப்பைத் தனியாகச் சொல்கிறார், ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னவன் நெஞ்சு மேல் எருமை வந்து உட்கார்ந்த கதையையும் சொல்கிறார், அது யாருக்கும் மறக்காது. அப்புறம்தான் இரண்டிரண்டு பேராகப் பிரித்து இறகு. கை, வாய், கடைசியில் பொருள். இந்த வரிசையில் யோசிக்கிற ஆசிரியர் எந்தப் பாடத்தையும் நடத்திவிடுவார்.

"ஆனா சித்தி, ரான் முகம் தொங்கிப்போனதை அவர் பாக்கவே இல்லையே" என்றாள் இவள். சரிதான். வகுப்பின் கெட்டிக்காரி ஹெர்மாயினியின் இறகு மேலே போனதும் கைதட்டிக் கொண்டாடிவிட்டார், அவள் திருத்திய ரானுக்கு, ஹாரியின் நண்பனுக்கு, என்ன ஆயிற்று என்று கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் அவன் உளற, அவள் மதியம் முழுக்கக் கழிப்பறையில் அழுதாள். ஒரு மதிப்பெண் குறைத்தோம்.

ஞாயிறு, லீவ்ஸ்டன்

லண்டனுக்கு வடக்கே வாட்ஃபோர்டு பக்கத்தில், படங்கள் எடுத்த ஸ்டுடியோவையே 2012இல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். பெரிய சாப்பாட்டுக்கூடம் 120 அடி நீளம், 40 அடி அகலம், தரையில் நிஜக் கல். தலைமையாசிரியர் டம்பிள்டோரின் அறையில் அடுக்கியிருக்கும் தோல் அட்டைப் புத்தகங்களில் நிறைய பழைய டெலிஃபோன் டைரக்டரிகள், மேலே தோல் ஒட்டியவை. இதைக் கேட்டதும் எனக்கு லாக்ஹார்ட் ஞாபகம் வந்தார்.

இரண்டாம் வருஷத்தில் தற்காப்புப் பாடம், அதாவது தீய மந்திரங்களை எதிர்கொள்ளும் பாடம், எடுக்க வந்தவர். முதல் வகுப்பிலேயே பரீட்சை, 54 கேள்வி, அத்தனையும் தன்னைப் பற்றி. அவருக்குப் பிடித்த நிறம் என்ன என்பது முதல் கேள்வி. அப்புறம் ஒரு கூண்டு நிறையக் குறும்புப் பிசாசுகளைத் திறந்துவிட்டு, அவை வகுப்பைக் கந்தலாக்கியதும் மிச்சத்தை மூன்று பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு ஓட்டம். அதற்கப்புறம் உயிருள்ள எதையும் வகுப்புக்குக் கொண்டுவரவில்லை, தன் புத்தகத்தைத் தானே வாசித்துக்காட்டி ஹாரியை ஓநாய்மனிதனாக நடிக்கவைத்தார். நேரே நின்று மதிப்பெண் போடவே தகுதியில்லை, மேலே போகலாம்.

ஐந்தாம் வருஷத்தில் அதே பாடத்துக்கு வந்த அம்பிரிட்ஜின் ரோஸ் நிற உடைகளைப் பார்த்தபோது எனக்கு லாக்ஹார்ட்டின் மேல் வராத கோபம் வந்தது. அந்தம்மாவுக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்பதில்லை, நடத்தக்கூடாது என்று முடிவு செய்து வந்தவர். மந்திரக்கோலை உள்ளே வை, புத்தகத்தை எடு, முதல் அத்தியாயத்தைப் படி, பேசாதே. கேள்வி கேட்ட ஹெர்மாயினி அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்து முடித்துவிட்டே கேட்டாள், நூலாசிரியரின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை என்றாள், அதற்கும் தண்டனை. செய்முறையே இல்லாமல் கோட்பாட்டை மட்டும் படித்தால் பரீட்சையில் செய்முறை தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஸ்டுடியோவில் குழந்தைகளுக்கு மந்திரக்கோல் வீசச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு சின்னப் பையன் கோலை வாள் மாதிரி வெட்டிக்கொண்டே இருந்தான், சொல்லிக்கொடுத்தவர் அவனைத் திட்டவில்லை, பக்கத்தில் வந்து நின்று அவனோடு சேர்ந்து அதே அசைவை மெதுவாகச் செய்தார். அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பேசியது ஹாரி ரகசியமாக நடத்திய வகுப்பைப் பற்றி. அம்பிரிட்ஜ் சொல்லித்தராததைப் பிள்ளைகளே 'தேவை அறை'யில், தேவைப்படுகிறவருக்கு மட்டும் தோன்றும் அறையில், கூடிக் கற்றுக்கொள்கிறார்கள், வாத்தியார் பதினைந்து வயசுப் பையன். முதல் நாள் அவன் எடுத்தது எதிராளியின் கோலைப் பறிக்கும் மந்திரம். இது சின்னப்பிள்ளைப் பாடம் என்று ஒருத்தன் முகம் சுளிக்கிறான். என் உயிரைக் காப்பாற்றியது இதுதான், உனக்கு வேண்டாம் என்றால் கிளம்பலாம் என்கிற அர்த்தத்தில் ஹாரி பதில் சொல்லிவிட்டு எல்லோரையும் ஜோடியாக நிறுத்துகிறான். கையில் ஒரு விசில், சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொருத்தர் தவறையும் பார்க்கிறான். பாதிப் பேருக்கு அந்த அடிப்படையே சரியாக வரவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிகிறது. அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதுதான் விஷயம்.

இந்தப் பயணத்தில் நான் நிரூபிக்க நினைப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளியில் விஷயம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எதிரே நிற்கிற பிள்ளைக்கு எது தெரியாது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

திங்கள், ஆக்ஸ்ஃபோர்டு

கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் படிக்கட்டில், முதல் வருஷப் பிள்ளைகளைத் துணைத் தலைமையாசிரியை மெக்கோனகல் வரவேற்ற அதே படிக்கட்டில், கூட்டம் ஒன்று நகராமல் நின்றது. அந்தக் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தைப் பார்த்துத்தான் ஸ்டுடியோவில் கூடத்தை அமைத்தார்கள். பார்த்தோம், வந்தோம்.

எனக்கு வேண்டியிருந்தது போட்லியன் நூலகத்தில் இருக்கும் டிவினிட்டி ஸ்கூல். 15ஆம் நூற்றாண்டில் இறையியல் பாடத்துக்கென்றே கட்டிய கூடம், பல்கலைக்கழகத்தின் சொந்த வகுப்பறைகளில் இதுதான் ஆகப் பழையது. முதல் படத்தில் இது மருத்துவமனை. நாலாவது படத்தில் மெக்கோனகல் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்ததும் இங்கேதான். கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு கல் வேலை.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் படிப்பு இரண்டு காலில் நின்றது. ஆசிரியர் நூலை வாசித்து விளக்குவார், அது ஒன்று. மாணவர்கள் எழுந்து நின்று கேள்விக்குக் கேள்வி வாதாடுவார்கள், அது இன்னொன்று. பரீட்சையே வாய்மொழியாகத்தான் இருந்தது. ஹாக்வார்ட்ஸில் வரலாறு நடத்தும் பின்ஸ் இதில் முதல் காலை மட்டும் வைத்துக்கொண்டவர். ஆசிரியர் அறையில் கணப்புக்கு முன்னால் தூங்கியபோது செத்துப்போய், மறுநாள் காலை உடம்பை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வகுப்புக்கு வந்தவர், அன்றிலிருந்து பேயாகவே நடத்துகிறார். ஒரே குரலில் வாசிப்பார், பிள்ளைகள் தூங்குவார்கள். யார் பெயரும் அவருக்குச் சரியாக வராது.

ஆனால் இரண்டாம் புத்தகத்தில் ஒரு வகுப்பு வருகிறது. ஹெர்மாயினி கையைத் தூக்கி ரகசிய அறையைப் பற்றிக் கேட்கிறாள். பின்ஸ் திகைத்துப்போகிறார், இத்தனை காலத்தில் ஒருத்தரும் அவரை வகுப்பில் குறுக்கிட்டதே இல்லை போல. முதலில் மறுக்கிறார், அது வெறும் கட்டுக்கதை என்கிறார். கட்டுக்கதைக்கும் அடிப்படை என்று ஒன்று இருக்குமே என்று ஹெர்மாயினி விடவில்லை. கடைசியில் சொல்லத் தொடங்குகிறார், மொத்த வகுப்பும் கண் கொட்டாமல் கேட்கிறது. அதே ஆள், அதே குரல். பிள்ளைகளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மறுபடியும் தேதிகளுக்கே திரும்பிப்போனாரே, அதற்குத்தான் அவரை மன்னிக்கமாட்டேன்.

மேல்மாடியில் டியூக் ஹம்ஃப்ரி நூலகம். ஹாரி ராத்திரியில் திருட்டுத்தனமாக நுழைந்த தடைசெய்யப்பட்ட பகுதி. வழிகாட்டியோடுதான் போக முடியும். போட்லியனில் சேரும் வாசகர்கள் ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும், நூலகத்துக்குள் நெருப்போ சுடரோ கொண்டுவரமாட்டேன் என்று அதில் ஒரு வரி உண்டு. படத்தில் ஹாரி கையில் விளக்கோடு வருவதை நினைத்து இவள் சிரித்ததில் வழிகாட்டி திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய், லேக்காக்

சிப்பன்ஹாமில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கிராமமே பழைய காலத்தில் நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. நாங்கள் பார்க்கப்போன லேக்காக் அபே 1232இல் சாலிஸ்பரி சீமாட்டி ஈலா தொடங்கிய கன்னிமாடம், பிற்பாடு மாளிகையானது. 1835இல் இந்த வீட்டு ஜன்னல் ஒன்றைத்தான் புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் தாளில் நெகடிவாகப் பதித்தார், இன்று மிஞ்சியிருக்கும் நெகடிவ்களில் அதுவே பழையது. வெளிச்சத்தைத் தாளில் பிடித்து நிறுத்திய வீட்டில் மந்திரப் படம் எடுத்தார்கள் என்பதை இவளிடம் மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் "ம்" என்றாள்.

சுற்றுமண்டபத்தை ஒட்டி ஓர் அறை, கன்னியர் குளிர் காய்வதற்காக நெருப்பு மூட்டிய அறை. நடுவில் ஒரு பெரிய வெண்கலக் கொப்பரை. படத்துக்காகச் செய்தது என்று நினைத்தேன், இல்லை, 1500இல் இன்றைய பெல்ஜியத்தின் மெக்கலன் நகரத்தில் வார்த்த அசல். குவிரல் தற்காப்புப் பாடம் எடுத்தது இங்கே. பயந்து பயந்து, திக்கித் திக்கி, அறை முழுக்கப் பூண்டு வாசனையோடு. அந்தப் பதவியில் யாரும் ஒரு வருஷத்துக்கு மேல் நிலைப்பதில்லை என்பது கதை. வருஷத்துக்கு ஓர் ஆசிரியர் மாறினால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒருத்தர் நடத்திய இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்குவதே இல்லை.

அந்த வரிசையில் லூபின் மட்டும் தனி. எதிரே நிற்பவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறாரோ அதுவாகவே மாறிவிடும் பிசாசை அலமாரியில் அடைத்துவைத்து, அதைச் சிரிப்பால் தோற்கடிக்கக் கற்றுத்தருகிறார். வகுப்பு தொடங்கும் முன், மருந்து காய்ச்சும் பாடம் எடுக்கும் ஸ்னேப், நெவில் என்ற பயந்த பையனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டுப் போகிறார், இவனிடம் கஷ்டமான எதையும் கொடுக்காதீர்கள் என்கிற மாதிரி. லூபின் சொல்கிறார், முதலில் செய்யப்போவதே நெவில்தான் என்று. அப்புறம் அவனிடம் பேசுகிறார், உனக்கு எது பயம், உன் பாட்டி என்ன உடை போடுவார், தொப்பி எப்படி, கைப்பை எப்படி என்று. அலமாரி திறந்ததும் ஸ்னேப் வெளியே வருகிறார், பாட்டியின் பச்சை உடை, பிணந்தின்னிக் கழுகு வைத்த தொப்பி, சிவப்புக் கைப்பையோடு. வகுப்பே வெடித்துச் சிரிக்கிறது. கடைசியில் எதிர்த்து நின்ற ஒவ்வொருவருக்கும் ஐந்து புள்ளி, நெவிலுக்குப் பத்து. ஓர் ஆசிரியர் இன்னொரு ஆசிரியரைப் பிள்ளைகள் சிரிக்கும்படி விடலாமா என்று எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. இருந்தாலும் அந்தப் பையன் முதுகை நிமிர்த்த வேறு வழி அன்றைக்கு இருந்ததா என்றால், தெரியாது, நானும் அதையேதான் செய்திருப்பேன்.

இதே சுற்றுமண்டபத்தில் இன்னோர் அறை, முதல் படத்தின் ஸ்னேப் வகுப்பு. இங்கேதான் பெரிய சண்டை. மண்டபக் கல்திட்டில் உட்கார்ந்து, பஸ்ஸை விட்டுவிட்டுச் சண்டை.

இவள் கட்சி: ஸ்னேப் வகுப்பு ஹாக்வார்ட்ஸிலேயே தரமானது. சோதனைக்கு வந்த அம்பிரிட்ஜே இந்த வகுப்பு தன் வயசுக்கு மேல்தான் படிக்கிறது என்று சொல்லவேண்டி வந்தது. ஐந்தாம் வருஷப் பொதுத்தேர்வில் அவுட்ஸ்டாண்டிங் வாங்கியவர்களை மட்டும்தான் மேல்வகுப்பில் சேர்ப்பார், அப்படி ஒரு தரம். மருந்து கொதிக்கிற இடத்தில் கொஞ்சினால் வகுப்பு வெடித்துவிடும். "வேதியியல் லேப்ல மிஸ் கத்தினா நீங்க தப்பு சொல்வீங்களா சித்தி?"

என் கட்சி: முதல் வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் ஹாரியை எழுப்பி மூன்று கேள்வி. ஆட்டு வயிற்றில் கிடைக்கும் பெசோவார் கல், மாங்க்ஸ்ஹூடும் உல்ஃப்ஸ்பேனும் ஒரே செடி, இதெல்லாம் நல்ல பாடம்தான், நிஜ உலகத்திலும் பெசோவாரை நஞ்சுமுறிவு என்று நம்பி அரசர்கள் வைத்திருந்தார்கள். ஆனால் அவர் கேட்டது சொல்லித்தருவதற்காக இல்லை, தெரியாது என்று அவன் சொல்லவேண்டும் என்பதற்காக. பக்கத்தில் கை தூக்கிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள், அவளைப் பார்க்கவே இல்லை. இன்னொரு நாள் நெவில் காய்ச்சிய மருந்து தப்பாகிவிட்டது, அதை அவனுடைய தேரைக்கே ஊட்டிப் பார்க்கலாம் என்கிறார். ஹெர்மாயினி காதில் சொல்லிக்கொடுத்து மருந்து சரியாக வந்து தேரை பிழைத்துவிட்டது, அதற்கு ஐந்து புள்ளி குறைத்தார். பிள்ளை கற்றுக்கொண்டதற்கு அபராதம் போட்ட வாத்தியாரை நான் வேறெங்கும் படித்ததில்லை. கடைசிச் சாட்சி பொதுத்தேர்வு. ஸ்னேப் இல்லாத அந்தப் பரீட்சை அறையில் ஹாரிக்குக் கை நிதானமாக இருக்கிறது, மருந்து வகுப்பில் ஒருநாளும் பார்க்காத சந்தோஷத்தோடு நெவில் உட்கார்ந்திருக்கிறான். வாத்தியார் இல்லாதபோது பாடம் நன்றாக வருகிறது என்றால் வாத்தியார்தான் தடை.

அதற்கு இவள் ஒரு சீட்டு எடுத்துப் போட்டாள் பாருங்கள். ஆறாம் புத்தகத்தில் ஹாரிக்கு ஒரு பழைய பாடநூல் கிடைக்கிறது, ஓரங்களில் யாரோ எழுதிய குறிப்புகள். கொட்டையை வெட்டாதே, கத்தியின் தட்டைப் பக்கத்தால் நசுக்கு, சாறு நிறைய வரும். ஏழு தடவை இடமாகக் கலக்கினால் ஒரு தடவை வலமாகக் கலக்கு. அதைப் பின்பற்றி ஹாரி வகுப்பிலேயே முதலாவதாக வருகிறான். எழுதியது மாணவனாக இருந்த ஸ்னேப். "ஹாரியோட பெஸ்ட் டீச்சர் ஸ்னேப்தான். அவர்னு அவனுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

பதில் வரவில்லை எனக்கு. அடுத்த பஸ்ஸில்தான் வந்தது. அந்தக் குறிப்புகளில் ஏன் என்பதும் எப்படி என்பதும் இருக்கிறது, கேலி இல்லை. அதாவது அந்த ஆளுக்குச் சொல்லித்தரத் தெரியும். எதிரே ஒரு பிள்ளையின் முகம் இல்லாதபோது மட்டும்.

புதன், க்ளாஸ்டர்

மழை. கதீட்ரல் சுற்றுமண்டபத்தின் விசிறி வடிவக் கூரை 14ஆம் நூற்றாண்டு, இந்த வகைக் கூரையில் இன்றிருப்பவற்றில் மூத்தது. ஹாக்வார்ட்ஸ் நடைகூடங்கள் பல இதுதான். தெற்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக 20 சின்ன மாடங்கள், துறவிகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து படித்த இடம், ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல் வெளிச்சம். நான் ஒன்றில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று பார்த்தேன், ஈரமாக இருந்தது.

மீதி நேரம் ரயிலில். மந்திர விலங்குகளைப் பற்றிய பாடம் எடுக்கும் ஹேக்ரிட்டைப் பற்றிப் பேசி முடித்தோம். அவருடைய முதல் வகுப்பு பாதி வரை அருமை. குதிரையும் கழுகும் கலந்த பக்பீக்கைக் காட்டி, முதலில் வணங்கு, அது திருப்பி வணங்கும்வரை காத்திரு என்று விதியைச் சொல்லி, ஒருவனை விட்டுச் செய்துகாட்டுகிறார். மால்ஃபாய் என்ற மாணவன் விதியைக் கேட்காமல் அடி வாங்கியதும் ஆள் உடைந்துபோய்விடுகிறார், அதற்கப்புறம் ஒன்றும் செய்யாத புழுக்களுக்கு இலை நறுக்கிப் போடுவதுதான் பாடம். ஆனால் பிரச்சினை அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. பாடப்புத்தகமே கடிக்கிற புத்தகம், ஒரு பிள்ளையாலும் திறக்க முடியவில்லை, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். முதுகைத் தடவிக்கொடுத்தால் திறக்குமே என்கிறார் ஹேக்ரிட், இது எல்லோருக்கும் தெரியும்தானே என்கிற முகத்தோடு. தனக்கு எளிது என்பதால் பிள்ளைக்கும் எளிது என்று நினைப்பது ஆசிரியர்களுக்கு வரும் தொழில் நோய். அன்பான ஆசிரியர்களுக்கும் வரும்.

குறிசொல்லும் பாடம் எடுக்கும் ட்ரெலானியைப் பற்றி இவள் பேசவே மறுத்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு மாணவன் சாவான் என்று சொல்வதைத் தவிர அந்தம்மா என்ன செய்தார் என்று கேட்டாள். அவருக்குப் பதிலாக வந்த குதிரைமனிதர் ஃபைரன்ஸ், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றதும் கவலையே படவில்லை, குதிரைமனிதர்களே தப்பாகப் படிப்பதுண்டு என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவருக்குக் கூடப் போட்டோம்.

வியாழன், டர்ஹம்

1093இல் கட்டத் தொடங்கிய கதீட்ரல். ஆற்று வளைவில், பாறை மேல். மெக்கோனகலின் உருமாற்ற வகுப்பு இங்குள்ள சாப்டர் ஹவுஸ் என்ற கூடத்தில் எடுத்தது.

முதல் வகுப்பில் அவர் செய்வது மூன்று காரியம். இந்தப் பாடம் ஆபத்தானது, விளையாடுகிறவர் வெளியே போகலாம், திரும்பி வர முடியாது என்று ஒரு தடவை, ஒரே தடவை எச்சரிக்கை. அடுத்து தன் மேஜையைப் பன்றியாக்கித் திரும்ப மேஜையாக்கிக் காட்டுகிறார், பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள், நாமும் செய்யவேண்டும் என்று துடிக்கிறார்கள். அப்புறம் அவர்கள் கையில் கொடுப்பது ஒரு தீக்குச்சி, அதை ஊசியாக்கு என்கிறார். பெரியதைக் காட்டி ஆசையை மூட்டிவிட்டு, கையில் சின்னதைக் கொடுப்பது. அன்று முடிவில் ஹெர்மாயினியின் குச்சி மட்டும் கொஞ்சம் வெள்ளியாகவும் கூராகவும் மாறியிருந்தது. அதை வகுப்பு முழுக்கக் காட்டினார். மற்றவர்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் கண்டிப்பு ஸ்னேப் கண்டிப்பு மாதிரி இல்லை. எங்கே கோடு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார், அது தன் விடுதிப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான், ராத்திரி வெளியே சுற்றினார்கள் என்று தன் விடுதிக்கே 150 புள்ளி குறைத்தவர். நெவிலிடம் இவரும் கடுமையாகத்தான் பேசியிருக்கிறார், அதையும் எழுதிவைக்கிறேன்.

கதீட்ரலின் மேற்குக் கோடியில் பீடின் கல்லறை இருக்கிறது. 735இல் இறந்தவர், வாழ்நாள் முழுக்க மடத்தில் படித்தும் படிப்பித்தும் எழுதியும் கழித்தவர். 725இல் காலக்கணக்கைப் பற்றி அவர் எழுதிய நூல் எப்படித் தொடங்குகிறது என்றால், விரல்களை மடக்கி எண்ணுவது எப்படி என்று. சூரியன், சந்திரன், ஈஸ்டர் தேதி எல்லாம் அப்புறம். முதலில் உன் கை. எனக்கு ஃப்ளிட்விக்கின் மணிக்கட்டும் மெக்கோனகலின் தீக்குச்சியும் அங்கே நின்றபோது ஒன்றாகத் தெரிந்தன.

வெள்ளி, ஆனிக்

1309 முதல் பெர்சி குடும்பத்தின் கையில் இருக்கும் கோட்டை. முதல் படத்தில் துடைப்பம் ஓட்டக் கற்றுக்கொண்ட வெளிமுற்றம் இதுதான், இப்போதும் வருகிறவர்களுக்குத் துடைப்பப் பயிற்சி நடத்துகிறார்கள். எல்லோரும் தாவுவார்கள், கேமராவில் பறக்கிற மாதிரி விழும். இவள் வெட்கப்பட்டுக்கொண்டே போனாள், வெட்கம் இரண்டு நிமிஷம் தாங்கியது.

மேடம் ஹூச் நடத்தியதில் எனக்குக் குறை உண்டு. பதினோரு வயசுப் பிள்ளைகளைத் துடைப்பத்தில் ஏற்றுகிறார், கீழே மெத்தையில்லை, துணைக்கு ஆளில்லை. நெவில் பதற்றத்தில் முன்கூட்டியே கிளம்பி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறான், அவர் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறார், இருபது பிள்ளைகளும் துடைப்பங்களும் தனியாக. யாரும் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனால் அசையாமலா இருப்பார்கள்?

கோட்டைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பூட்டிய கறுப்புக் கதவுக்குப் பின்னால் நச்சுத் தோட்டம், 2005இல் திறந்தது. நூறு வகையை ஒட்டிய நச்சுச் செடிகள், கதவில் மண்டையோடு. தொடக்கூடாது, முகரக்கூடாது, வழிகாட்டி இல்லாமல் நுழையக்கூடாது. எங்களோடு வந்த வழிகாட்டி ஒவ்வொரு செடிக்கும் ஒரு சாவுக் கதை வைத்திருந்தார், செடியின் பெயரைக் கடைசியில்தான் சொல்வார். பெயரைக் கேட்கும்போது எல்லோரும் அந்த இலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்ன ஒரு தந்திரம், அப்படியே எடுத்துக்கொண்டேன்.

தாவரப் பாடம் எடுக்கும் ஸ்ப்ரவுட்டின் மேண்ட்ரேக் வகுப்பை அங்கே நின்று ஒப்பித்தாள் இவள். அது நிஜச் செடி, வேர் மனிதன் மாதிரி பிரிந்திருக்கும், பிடுங்கினால் அலறும், கேட்டவன் சாவான் என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். ஸ்ப்ரவுட் முதலில் கேட்கிறார், இதன் பயன் யாருக்குத் தெரியும், ஆபத்து யாருக்குத் தெரியும் என்று. இரண்டுக்கும் பதில் சொன்ன ஹெர்மாயினிக்குப் புள்ளி கொடுக்கிறார். எல்லோரும் காதுமூடி போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு, ஒன்றைத் தானே பிடுங்கித் தொட்டி மாற்றிக் காட்டுகிறார். அப்புறம் தட்டுக்கு நாலு பேர். சத்தமில்லை, மேடைப்பேச்சில்லை, யாரும் சாகவில்லை. நெவில் கடைசியில் தேறியது இந்தப் பாடத்தில்தான், பிற்காலத்தில் அவனே ஹாக்வார்ட்ஸில் தாவரப் பாடம் நடத்தும் பேராசிரியராகிறான். ஏன் இந்தப் பாடத்தில் மட்டும் என்று யாராவது கேட்டால், மண்ணைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது யாரும் அவனைக் கேலி செய்யவில்லை என்பேன்.

சனி, எடின்பரோ

ரயிலில் மதிப்பெண் பட்டியலை முடித்தோம். இந்த ஊரில்தான் ரௌலிங் 1995-96இல் ஆசிரியர் பயிற்சி படித்தார், முதல் புத்தகம் 1997 ஜூன் 26இல் வெளிவருவதற்கு முன்னால். அதற்கு முன் போர்ச்சுகலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவர் உருவாக்கிய பள்ளியில் ஆசிரியப் பயிற்சி என்று ஒன்று எங்கும் வருவதில்லை. யாரும் யார் வகுப்பையும் போய்ப் பார்ப்பதில்லை. முதன்முதலாகக் குறிப்பேட்டோடு மற்றவர்கள் வகுப்புக்குள் நுழைந்து உட்கார்ந்தவர் அம்பிரிட்ஜ்தான், அதுவும் ஆளை வெளியே அனுப்பக் காரணம் தேடி. வகுப்பைப் பார்வையிடுவது நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு முள். "அப்ப யாரு போய்ப் பாக்கணும் சித்தி?" என்று கேட்டாள். மெக்கோனகல் ஸ்னேப் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், ஸ்னேப் ஸ்ப்ரவுட் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம் என்றேன். காதுமூடி போட்ட ஸ்னேப்பை நினைத்து அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பட்டியல் இதுதான், அவர்களுடைய தேர்வு அளவுகோலிலேயே. லூபின், மெக்கோனகல், ஸ்ப்ரவுட், விசில் வைத்திருந்த ஹாரி, நாலு பேருக்கும் அவுட்ஸ்டாண்டிங். ஃப்ளிட்விக் ஒரு படி கீழே. ஹேக்ரிட்டுக்கு நான் தோல்விதான் போட்டேன், அவள் அடித்துத் தேர்ச்சியாக்கினாள், விட்டுக்கொடுத்தேன். பின்ஸ், ஹூச், ட்ரெலானி தோல்வி. லாக்ஹார்ட்டும் அம்பிரிட்ஜும் அடிமட்டம், ட்ரோல். ஸ்னேப் பெயருக்கு நேரே மட்டும் இரண்டு கட்டம் வரைந்தாள். புத்தக ஓரத்தில் எழுதியவருக்கு அவுட்ஸ்டாண்டிங். வகுப்பில் நின்றவருக்கு என்ன என்று என்னையே போடச் சொன்னாள். ட்ரோல் போட்டேன், அவள் அதை அடித்துவிட்டு ஒரு படி மேலே ஏற்றினாள், நான் மறுபடி இறக்கினேன். வேவர்லி ஸ்டேஷன் வந்துவிட்டது.